செத்த கல்லூரியா, சொற்களின் களஞ்சியமா?

சென்னை எழும்பூரிலுள்ள அரசு அருங்காட்சியகத்திற்குப் பழைய சென்னை மக்கள் இட்டு வழங்கிய பெயர் 'செத்த காலேசு' என்பது. விலங்குக் காட்சிச்சாலைக்கு அவர்கள் இட்ட பெயர் 'உயிர்க் காலேசு'. படித்தவர் இதனைக் கேட்டால் எள்ளி நகைப்பர். எனக்கு நகைக்கத் தோன்றுவதில்லை. எழுத்தறியாத எளிய மக்கள் ஒரு பொருளுக்குப் பெயரிடும்போது, நூறு பக்க ஆராய்ச்சி சொல்லாததை ஒரே சொல்லில் சொல்லிவிடுவர்.

அப் பெயரின் வரலாறும் அறியத்தக்கதே. 1851 ஆம் ஆண்டில், கிழக்கிந்தியக் கும்பனியின் படை மருத்துவர் எட்வர்டு பால்பர் என்பாரின் பொறுப்பில், புனித சார்சுக் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தின் மாடியில், ஏறத்தாழ 1,100 நிலவியற் பொருள்களைக் கொண்டு அக் காட்சிச்சாலை தொடங்கப்பெற்றது. 1854 இல் எழும்பூர்ப் பாந்தியன் மாளிகைக்கு இடம்பெயர்ந்தது. அங்கே புலியும் சிறுத்தையுமாக உயிருள்ள விலங்குகளையும் பால்பர் வைத்திருந்தார். பின்னர் விலங்குகள் பூங்கா நகருக்குப் போயின. எலும்புக்கூடுகளும் பஞ்சடைத்த உடல்களும் கற்களும் காசுகளும் எழும்பூரில் தங்கின. உயிரோடு போனது உயிர்க் காலேசு. செத்தவை தங்கியது செத்த காலேசு. 'காலேசு' என்னும் சொல்லைப் பழைய கல்லூரிக் கட்டடத்தின் எச்சம் எனலாம்.

ஆயினும், எலும்புக்கூடு கிடந்தமையால் மட்டும் அது செத்த காலேசு ஆயிற்று என்று நான் எண்ணவில்லை. அங்கே சென்ற உழவன் தன் வீட்டிலும் வயலிலும் கையாளும் பொருள்களின் முன்னோரைக் கண்டான். அவற்றின் அடியில் எழுதியிருந்த பெயரோ அவன் வாயில் வழங்காத பெயராய், அவனால் படிக்கவும் இயலாத எழுத்தாய் இருந்தது. தன் பொருளே தனக்கு அயலாகி நின்ற காட்சி அது. ஆண்டவன் தான் கைப்பற்றிய நாட்டில் என்னென்ன உள்ளன என்று எண்ணிப் பார்ப்பதற்குக் கட்டிய கிடங்கில், ஆளப்பட்டவனுக்கு வேடிக்கை பார்க்கும் இடமே கிடைத்தது. பெயரிழந்த பொருள் செத்த பொருள்தானே!

பொருளும் அதன் தமிழ்ப்பெயரும் ஒருங்கே காக்கப்படும் இடமே தமிழர்க்கு அருங்காட்சியகம் ஆகும். பொருள் மட்டும் காக்கப்பட்டால் அது கிடங்கு. சொல் மட்டும் காக்கப்பட்டால் அது யாரும் திறவாத அகரமுதலி. மொழிஞாயிறு பாவாணரை இயக்குநராகக் கொண்டு 1974 இல் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் தொடங்கியபோதே, அதற்கு இணையாகப் பொருட்காப்பகம் ஒன்றும் மாவட்டந்தோறும் தொடங்கியிருக்க வேண்டும். தொடங்கவில்லை. சொல்லை ஏட்டில் ஏற்றிவிட்டால் போதும் என்று நாமும் இருந்துவிட்டோம்.

வகுப்பறையிலிருந்து இதற்கு ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் அளவுப் பெயர்களும் நிறைப் பெயர்களும் க, ச, த, ப, ந, ம, வ, அ, உ என்னும் ஒன்பது எழுத்துகளை முதலாகக் கொண்டு வரும் என்று வரையறுக்கின்றார். ஒரு மொழியின் முதல் இலக்கண நூலே முகத்தலளவைக்கும் நிறுத்தலளவைக்கும் தனியே புணர்ச்சி விதி வகுக்கின்றதென்றால், அம் மக்கள் எத்துணை விரிவாக விளைத்து, அளந்து, விற்று வாழ்ந்திருத்தல் வேண்டும்! ஆனால் இதனைச் சொல்லும்போது இன்றைய மாணாக்கர் விழிக்கின்றனர். இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு. இரண்டு உழக்கு ஓர் உரி. இரண்டு உரி ஒரு நாழி. எட்டு நாழி ஒரு குறுணி. இரண்டு குறுணி ஒரு பதக்கு. இரண்டு பதக்கு ஒரு தூணி. மூன்று தூணி ஒரு கலம். கரும்பலகையில் எழுதிப் போட்டால் வாய்பாடு போல் ஒப்பிப்பர். அளவு உள்ளத்தில் நில்லாது. 1956 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் பதின்ம அளவை வந்தது; வாணிகத்திற்கு அது வேண்டுவதே; அதனை நான் பழிக்கவில்லை. படியும் மரக்காலும் வீட்டை விட்டுப் பழம்பொருட் கடைக்குச் சென்று எடைக்கு விலையானபோது, அவற்றுள் ஒவ்வொன்றையேனும் எடுத்துப் பள்ளியில் வைக்க நமக்குத் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

விளைவு என்ன? தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகளில் நெல்லை அளக்கும் மரக்கால் ஒன்றின் பெயர் 'ஆடவல்லான்'. கலமும் தூணியும் குறுணியும் நாழியும் உரியும் அக் கல்வெட்டுகளில் வரிக்கு வரி வருகின்றன. எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொடுத்தாலும், அந்த அளவைகளைக் கண்ணால் கண்டறியாத பிள்ளைக்கு அக் கல்வெட்டு பாதி ஊமையே.

ஆடவல்லான் என்றதும் இன்னொன்று நினைவிற்கு வருகின்றது. கூத்தப்பெருமானின் தூய தமிழ்ப்பெயர் அது. சோழர் கல்வெட்டு அவ்வாறே வழங்கிற்று. இன்று உலகக் காட்சிச்சாலைகளிலெல்லாம் அப் படிமம் 'நடராசர்' என்னும் பெயரிலோ, அதன் ஆங்கில விளக்கத்திலோ நிற்கின்றது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் ஊர்க் கோயிலினின்று களவாடப்பட்ட செப்புத் திருமேனி ஒன்றை, ஆசுத்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் 2008 இல் ஐம்பது இலக்கம் தாலர் அளவிற்குப் பெருவிலை கொடுத்து வாங்கிற்று. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே அவ்வூரில் எடுத்து வைத்திருந்த ஒளிப்படம் ஒன்று களவை மெய்ப்பித்தது. 2014 இல் திருமேனி மீண்டது. ஒரு படமும் ஒரு பதிவும் இல்லையெனில் அது மீண்டிராது. எனினும் மீண்டு வந்த பின்பும் ஊர்க்கோயிலுக்குப் போகாமல், படிமப் பாதுகாப்பு நடுவத்தின் பூட்டுக்குள் அது வைக்கப்பட்டது. ஊரார் எந்தப் பெயரால் அதனை விளித்தார்களோ, அந்தப் பெயர் ஊரில் இருந்தது. திருமேனி வேறோர் இடத்தில் இருந்தது.

ஆதிச்சநல்லூருக்கு வருவோம். பொருநையாற்றின் தென்கரையில், நூற்றுக்கு மேற்பட்ட ஏக்கர் பரப்பில் தாழிகள் புதைந்து கிடக்கும் இடுகாடு அது. 1876 இல் செருமானியர் யாகோர் அங்கே தோண்டினார். எடுத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். 1899 முதல் 1905 வரை அலெக்சாந்தர் இரீயா அகழ்ந்தார்; இடையில் இலாபிக்கு என்னும் பிரெஞ்சுக்காரர் வந்து தம் பங்கிற்குச் சிலவற்றைப் பாரிசுக்கு எடுத்துச் சென்றார். இரீயா கண்டெடுத்த பொற்பட்டங்களும், மூடியில் விலங்கு வடிவம் நிற்கும் வெண்கலக் கலங்களும், இரும்பு வாள்களும் வேல்களும் சென்னைக்குச் சென்றன. ஆதிச்சநல்லூர் மக்களுக்கு எஞ்சியது, தோண்டிய பரம்பும் உடைந்த ஓடும். ஊர்ப்பிள்ளை ஒருவன் தன் ஊரின் பொன்னைக் காண வேண்டின் எழும்பூர் செல்ல வேண்டும். வெண்கலம் முழுவதையும் காண வேண்டின் கப்பலேற வேண்டும்.

அந்தப் பொற்பட்டத்தையே எடுத்துக்கொள்வோம். நெற்றியிற் கட்டும் பொன்னிலை அது. பட்டம் கட்டுதல் என்னும் வழக்கு நம் திருமணங்களில் இன்றும் உண்டு. பட்டத்துக்கு வருதல் என்னும் வழக்கும் அரசியலில் உண்டு. இடுகாட்டுத் தாழியினின்று எழுந்த பொன்னிலையையும், மணமேடையில் மாமன் கட்டும் பட்டத்தையும், அரியணைச் சொல்லையும் ஒரு சொல்லே கோத்து வைத்திருக்கின்றது. அப் பொருளின் அடியில் ஆங்கிலச் சொல் ஒன்றை எழுதி, அதற்கு ஒலிபெயர்ப்பாகத் தமிழெழுத்தில் இன்னொரு முறை எழுதினால், அக் கோவை அறுந்து சிதறும். நான் மிகைப்படுத்தவில்லை; ஓரிடத்துக் காட்சிப் பேழையில் சுடுமண் மணிகளின் கீழே 'டெரக்கோட்டா பீட்சு' என்று தமிழெழுத்தில் எழுதியிருக்கக் கண்டேன். சுடுமண் என்பதில் இல்லாத எது டெரக்கோட்டாவில் இருக்கின்றது? மணி என்னும் சொல்லை மறந்தவன் பீட்சு என்பதை எங்ஙனம் அறிவான்?

இந் நிலை மாறத் தொடங்கியது கீழடியால். 2014 இல் நடுவண் தொல்லியல் துறையின் அமர்நாத்து இராமகிருட்டிணன் வையைக் கரையெங்கும் ஆய்ந்து வந்து கீழடிப் பள்ளிச்சந்தைத் திடலைத் தேர்ந்தார். 2015 இல் அகழாய்வு தொடங்கிற்று. 2016 இல், கிடைத்த பொருள்களை மைசூருக்குக் கொண்டுபோக முனைந்தபோது எதிர்ப்பு எழுந்தது. வழக்கு உயர்முறை மன்றத்தின் மதுரைக் கிளைக்குச் சென்று, பொருள்கள் வெளியேறுவது தடுக்கப்பட்டது. ஆதிச்சநல்லூரில் 1876 இல் கேட்பாரில்லை. கீழடியில் கேட்பார் இருந்தனர். இடைப்பட்ட நூற்று நாற்பது ஆண்டுத் தமிழுணர்ச்சியின் பயன் அது. 2017 இல் அமர்நாத்து அசாமுக்கு மாற்றப்பட்டார். 2018 முதல் தமிழ்நாட்டரசின் தொல்லியல் துறை அகழாய்வை மேற்கொண்டது. 2023 மார்ச்சுத் திங்கள் 5 ஆம் நாள், தோண்டிய மண்ணின் பக்கத்திலேயே, செட்டிநாட்டு வீட்டமைப்பில், கீழடி அருங்காட்சியகம் திறக்கப்பெற்றது. அதே ஆண்டு சனவரியில் அமர்நாத்து தந்த 982 பக்க அறிக்கையைத் திருத்தித் தருமாறு 2025 இல் நடுவண் தொல்லியல் துறை கேட்டதும், அவர் மறுத்ததும் நாடறிந்தவை. பொருளை வைத்துக்கொள்ளும் உரிமையை வென்றோம். அப் பொருளைப் பற்றி எழுதும் உரிமைக்கு இன்னும் வழக்காட வேண்டியிருக்கின்றது.

கீழடியில் என்னைக் கவர்ந்தது பொன்னன்று. பொன் அங்கே சிறிதே. நூல் நூற்கும் தக்களி, உறைகிணற்றின் உறை, தாயக்கட்டை, எலும்பு முனை, வட்டச்சில்லு, பெயர் கீறிய பானையோடு ஆகியவையே மிகுதி. அருங்காட்சியகம் என்னும் சொல்லில் உள்ள 'அரு' என்னும் அடைமொழி பற்றி எனக்கு நெடுநாளாய் ஒரு மனக்குறை உண்டு. அரியதைக் காட்டுவதே அதன் வேலையெனின் அரசனின் முடியும் வாளும்தான் அங்கிருக்கும். எளியதைக் காட்டினால்தான் மக்கள் அங்கிருப்பர். பானை வாங்கியவன் அதில் தன் பெயரைத் தானே கீறிக்கொள்ளும் அளவிற்கு எழுத்து ஊருக்குள் பரவியிருந்தது என்பதைக் காட்டுவன அந்த ஓட்டுச் சில்லுகளே. 'ஆதன்' என்று கீறிய ஒரு சில்லு செய்யும் வேலையை, ஐம்பதாயிரம் ஆண்டுப் பழமை பேசும் நம் மேடை முழக்கம் ஒருநாளும் செய்யாது. நம்மவர் சிலருக்கு இது கசக்கும். கசப்பினும் சொல்லத்தான் வேண்டும்: கீழடியின் தொன்மையை ஆறாம் நூற்றாண்டு கி.மு. வரை மாநிலத் தொல்லியல் துறை காலக்கணிப்போடு நிறுவியிருக்கும்போது, அதன்மேல் இன்னும் சில ஆயிரத்தை நாமே ஏற்றிச் சொல்வது, எதிரியின் கையில் நாமே கோல் கொடுப்பதாகும். அப்படி முழங்குவோரில் எத்துணைப் பேர் தம் பிள்ளைகளைக் கீழடிக்கு அழைத்துச் சென்றனர் என்று கேட்டுப் பாருங்கள்.

எம் பள்ளி மாணாக்கரை அங்கு அழைத்துச் சென்றபோது, பேழைக்குள் இருந்த வட்டமான ஓட்டுச் சில்லுகளைக் கண்டு எட்டாம் வகுப்புப் பெண்ணொருத்தி, "ஐயா, இது நம்ம பாண்டிச் சில்லு" என்றாள். அருகில் நின்ற மற்றப் பிள்ளைகளும் நெருங்கி வந்தனர். அதுவரை வரிசையில் நின்று சலித்திருந்த பிள்ளைகள், ஈராயிரம் ஆண்டுக்கு முன் தம்மொத்த அகவையினர் ஒற்றைக் காலில் தாவியாடியதைக் கண்டனர். விளக்கப் பலகையை அதன்பின் தாமே படித்தனர். கொந்தகையில் எடுத்த முதுமக்கள் தாழியைக் கண்டு வந்த பிள்ளைகளுக்கு, புறநானூற்றில் தாழி வனையும் குயவனை விளித்துப் பாடிய பாட்டை நடத்துவதில் எனக்கு உரையே வேண்டியிருக்கவில்லை.

'இத்தகைய பொருள்களைச் சிற்றூரில் வைத்துக் காக்க முடியுமா? மாழைப் பொருள்களுக்கு ஈரம் ஆகாது. ஓலைக்குப் பூச்சி ஆகாது. களவு வேறு' என்று அலுவலர் கேட்பர். கேள்வி நேரியதே. சிறீபுரந்தான் கோயிலில் களவு நிகழ்ந்ததை மேலே சொன்னேன்; பூட்டிக் கிடந்த கோயிலில் கேட்பாரின்றிப் போன களவு அது. வேதியல் காப்புமுறையும் காவலும் வேண்டும் என்பதில் எனக்கு மாறுபாடில்லை. ஆனால் அவை தலைநகரில்தான் இயலும் என்பதைக் கீழடி பொய்யாக்கிவிட்டது. ஆதிச்சநல்லூரிலும் 2023 இல், தாழிகளை எடுத்த குழியிலேயே கண்ணாடித் தளமிட்டுக் காட்சியாக்கியிருக்கின்றனர். நெல்லையில் பொருநை அருங்காட்சியகமும் 2025 இல் எழுந்தது. செய்ய மனமிருந்தால் இயலும் என்பதற்கு இவை போதும். கீழடிக்குக் கிடைத்தது ஏனைய அகழிடங்களுக்கும் கிடைக்க வேண்டும்.

ஒரு காட்சிச்சாலைக்கும் நூலகத்துக்குமா இத்துணைப் பேச்சு என்பாரும் உளர். அவர்கள் யாழ்ப்பாணத்தை நினைத்துப் பார்க்கட்டும். 1981 சூன் திங்களின் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகத்திற்குத் தீ வைத்தவர், ஏறத்தாழ 97,000 நூல்களையும் மறுபடி இல்லாத ஓலைச்சுவடிகளையும் சாம்பலாக்கினர். அதனைச் செய்தவர்க்கு நூலகத்தின் மதிப்பு நன்கு தெரிந்திருந்தது. அங்கே தீ ஒரே இரவில் செய்ததை இங்கே நாம் நாளொன்றுக்கு ஒரு பொருளாகப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுச் செய்துகொண்டிருக்கின்றோம்.

பொன்னையும் செப்பேட்டையும் பற்றிச் சட்டம் இருக்கின்றது. மண்ணுள் பத்து உருபாவிற்கு மேற்பட்ட புதையல் கிடைத்தால் ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்று 1878 ஆம் ஆண்டுப் புதையற் சட்டம் சொல்கின்றது. அவ்வாறே அறிவித்தல் வேண்டும். பள்ளியிலோ வீட்டிலோ மறைத்து வைத்தல் குற்றம். நான் சொல்வது சட்டம் தீண்டாத பொருள்களை. மேழியும் கொழுவும் ஏர்க்காலும் நுகத்தடியும் பூட்டாங்கயிறும் ஒரு கலப்பையின் சொற்கள். குடமும் ஆரக்காலும் வட்டையும் கடையாணியும் ஒரு வண்டியின் சொற்கள். சாலும் வடமும் வால்கயிறும் உருளையும் ஒரு கமலையின் சொற்கள். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என எழுத்தாணியிலேயே மூன்று. எண்ணெய்ப் பொறி வந்தபின் கமலை போயிற்று. இழுவுந்து வந்தபின் கலப்பை போயிற்று. போகட்டும்; மாட்டின் கழுத்திற்கும் மாந்தன் முதுகிற்கும் அது நன்மையே. ஆனால் ஒரு கமலை சாய்ந்தபோது அதனோடு பத்துச் சொற்கள் சாய்ந்தன; அவற்றைத் தாங்கிப் பிடிக்க நம் கையில் ஒரு மூலை அறைகூட இல்லை.

எனவே தென்மொழித் தொண்டர்களையும் தமிழாசிரியப் பெருமக்களையும் வேண்டிக்கொள்வது இது. ஒவ்வொரு பள்ளியிலும் ஓர் அறை, அறை இல்லையேல் ஒரு நிலைப்பேழை. ஊரில் கிடக்கும் ஆழாக்கு முதல் மரக்கால் வரை, தக்களி முதல் கலப்பை வரை, கொடுப்பாரிடம் கேட்டு வாங்குங்கள். பொருளைக் கையாண்ட முதியவரை அழைத்து, அவர் வாயினின்று ஒவ்வோர் உறுப்பின் பெயரையும் கேட்டு எழுதுங்கள். வட்டார வழக்கு என்று தள்ளிவிடாதீர்கள். நூல்வழக்கில் இல்லாத தூய தமிழ் பல அங்கேதான் இருக்கின்றது. கொடுத்தவர் பெயர், ஊர்ப்பெயர், பொருட்பெயர் மூன்றையும் முதலில் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலம் வேண்டுமாயின் அதன்பின் கீழே இருக்கட்டும். பொருளுக்கு ஒளிப்படம் எடுத்துப் பதிவேட்டில் ஒட்டுங்கள். ஊர்க்கோயிலின் படிமங்களுக்கும் நடுகற்களுக்கும் அவ்வாறே செய்து ஒரு படி ஊராட்சியில் கொடுங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது ஒன்றுண்டு. அகழிடக் காட்சிச்சாலைகளின் விளக்கங்களை ஆங்கிலத்தில் எழுதி வாங்கிப் பின் மொழிபெயர்க்கும் முறையை நிறுத்தி, தொல்லியலாரும் தமிழறிஞரும் ஊர்க் கைவினைஞரும் ஒன்றாய் அமர்ந்து தமிழிலேயே முதற்படி எழுத வேண்டும். குயவர் ஒருவர் அக் குழுவில் இருந்தால், பானையின் கழுத்துக்கும் தோளுக்கும் வயிற்றுக்கும் அடிக்கும் நாம் புதுச்சொல் புனைய வேண்டியிராது. வரும் கோடை விடுமுறைக்குள் முதற்பேழையை நிறுவும் பள்ளிகள், தாம் திரட்டிய பொருட்பெயர்ப் பட்டியலை நம் இதழுக்கு அனுப்பிவைத்தால் திங்கள்தோறும் வெளியிடலாம். எங்கள் ஊர்ப் பட்டியலில் இதுவரை நூற்றுப் பன்னிரண்டு சொற்கள் சேர்ந்திருக்கின்றன. அவற்றுள் முப்பதுக்கு மேற்பட்டவை நான் கையாளும் அகரமுதலிகளில் இல்லை.